வெள்ளி நிறத் துண்டு

வைரக் கத்தி சீவிய துண்டு
தண்ணீரில் மிதக்கிறது.
வெள்ளியாய் மின்னினால் எழுபது நானோமீட்டர், எடுத்துக்கொள்வேன்.
பொன்னாய் மின்னினால் கனம் கூடுதல், தள்ளிவிடுவேன்.
குவைத்துக்கு வந்து
தங்கத்தை வேண்டாமென்று ஒதுக்குகிறவள்
நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஜாப்ரியா. ஆய்வகத்தின் கீழ்த்தளம். இரவு பத்தே கால்.
வெளியே இன்னும் முப்பத்தேழு டிகிரி, உடம்புச் சூடு.
உள்ளே எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் தூண், அதன் பம்பின் முனகல்,
போர்த்திக்கொள்ள முழங்கை தேய்ந்த என் ஸ்வெட்டர்.

படிவத்தில்: சிறுநீரகத் திசு. ஆண். முப்பத்து நான்கு.
தொழில், கம்பி கட்டுபவர்.
பெயரை அரபியில் தட்டச்சு செய்தவருக்கு
அவ்வளவு நீளம் பொறுக்கவில்லை,
முத்திருலான் என்று நிறுத்திவிட்டார்.
நான்தான் வாய்க்குள் முடித்துவைத்தேன்:
முத்திருளாண்டி.

செம்பு வலைத்தட்டு, மூன்று மில்லிமீட்டர்.
அதில் அவருடைய ஒரு துணுக்கு.
பச்சைத் திரை வழியே இறங்குகிறேன்.

முதலில் உட்கரு.
இரட்டைச் சவ்வு, சவ்வெங்கும் துளைகள்,
துளைக்குத் துளை உள்ளே விடலாமா என்ற சோதனை.
அது இருக்கிறது. நல்லது.
அதை ஒட்டி வலைப்பின்னல், மடிப்பு மடிப்பாக,
மேலே கடுகு தூவினாற்போல் ரைபோசோம்கள்:
செய்தி வந்தால் புரதம் கோக்கும்,
வராவிட்டால் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும்.
சற்றுத் தள்ளி கோல்கை.
அடுக்கிவைத்த தோசை என்று வாய் வருகிறது.
பசி.

இந்தச் செல்லுக்கு வேலை ஒன்றுதான்:
வடிந்து போகும் உப்பையும் நீரையும்
எட்டிப் பிடித்து இரத்தத்துக்கே திருப்பவேண்டும்.
நாளுக்கு நூற்றைம்பது லிட்டருக்குமேல் வடிகட்டி
ஒன்றரை லிட்டர் மட்டும் வெளியே விடுகிற
கைகாரத்தனம்.
அதற்காகவே அடிப்பக்கத்தில் இழைமணிகள்
நெட்டுக்குத்தாக வரிசை கட்டி நிற்கும்,
உள்சவ்வு நெருங்கி மடிந்து மடிந்து.

'செல்லின் ஆற்றல் நிலையம்' என்றெழுதி
பள்ளியில் இரண்டு மதிப்பெண் வாங்கினேன்.
ஆற்றல் நிலையம் இப்போது தெரியும், சுபியாவில், கடலோரம்.
அது நின்றால் ஏசி நிற்கும்.
இது நின்றால்,

இதோ நின்றிருக்கிறது.
ஊறிய கொண்டைக்கடலையாய் உருண்டு வீங்கி,
மடிப்புகள் கரைந்து,
நடுவில் வெளிறிய ஒன்றுமின்மை.
பக்கத்தில் லைசோசோம்கள், அளவுக்கு மீறிப் பெருத்து,
விழுங்கியது செரிக்காமல், கருத்த கட்டிகளோடு.
பாடப்புத்தகம் இவற்றைத் தற்கொலைப் பைகள் என்றது.
ஜிலீப்பில் அறை எடுத்துத் தங்கியபின்
அந்தச் சொல்லை நான் எடுப்பதில்லை.
இவை சாக விரும்பியவை அல்ல.
உடைசலை, நாள்பட்டதை, வேண்டாததைத் தின்று தீர்த்து
தேறியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவை.
வேலை மிஞ்சிவிட்டது.

திசு எடுத்த தேதி செப்டம்பர் ஒன்பது.
மதிய வேலைத் தடை ஆகஸ்டோடு முடிகிறது.
வெயிலுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

உறவினர் பெயர் என்ற கட்டம் காலி.
ஆனால் ஒவ்வொரு இழைமணிக்குள்ளும்
சின்ன வளையமாய் ஒரு கையெழுத்து உண்டு,
தகப்பன் பங்கு ஒரு வரிகூட இல்லாமல்
தாய் கொடுத்தது, அவளுக்கு அவள் தாய் கொடுத்தது.
இந்தப் பெருக்கத்தில் அது தெரியாது.
தெரியாததை அறிக்கையில் எழுதக்கூடாது.

வலையின் பதினோராம் கட்டத்தில்
ஒன்று அகப்பட்டது.
வீங்கவில்லை. மடிப்புகள் எண்ணும்படி இருக்கின்றன.
எண்ணினேன், பதினேழு.
டாக்டர் பொதூர் கேட்டது பன்னிரண்டு படங்கள்.
இது பதின்மூன்றாவது.